ஜீரோ காட்டிய சத்தம்

நாற்பத்தோராயிரத்து முந்நூறு ரூபாய். சேலையூர் கேம்ப் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் சந்தில், ஏசுபாதத்தின் ஷெட்டுத் தகரச் சுவரில், டயருக்குக் குறி போடுகிற சாக்பீஸால் ஷீலா எழுதி வைத்த தொகை அது. புருஷன் கண்ணில் குத்தட்டும் என்றுதான் ஸ்பேனர் மாட்டும் ஆணிகளுக்கு நேர் மேலே எழுதினாள். குத்தியது. ஸ்பேனர் எடுக்கக் கை நீட்டும்போதெல்லாம் குத்தியது.

தர வேண்டியவர் ஊரப்பாக்கத்து அபார்ட்மெண்ட்டில் இருக்கும் சூர்யநாராயணன். கம்ப்யூட்டர் கம்பெனி வேலை, சிவப்புக் கார். சின்ன எஞ்சின்தான், ஆனால் டர்போ வைத்தது. வெளியே போகிற புகையின் வேகத்தில் ஒரு விசிறி சுற்றும்; அது இன்னொரு விசிறியைச் சுற்றும்; அந்த இரண்டாவது விசிறி காற்றை அமுக்கி அமுக்கி எஞ்சினுக்குள் திணிக்கும். காற்று கூடினால் பெட்ரோல் கூடும், பெட்ரோல் கூடினால் இழுவை கூடும். கார் கம்பெனி கொடுத்த இழுவை போதாது என்று சூர்யநாராயணன் ஜோஷ்வாவிடம் போனார். ஜோஷ்வா லேப்டாப்பைக் காரில் சொருகி, எஞ்சினை ஆட்டி வைக்கும் கம்ப்யூட்டரின் கணக்கையே மாற்றி எழுதுகிறவன். 'மேப்' போடுவது என்பார்கள். மேப் போட்டுக் கொஞ்ச நாள் கார் பறந்தது. அப்புறம் மூன்றாவது பிஸ்டனின் ஓரம் உடைந்து, கயிற்றில் கட்டி இழுத்துக்கொண்டு வந்து ஏசுபாதத்தின் வாசலில் விட்டார்கள்.

எஞ்சினை முழுதாக இறக்கிப் பிரித்துக் கட்டினான் ஏசுபாதம். திருமுடிவாக்கத்து லேத்தில் கொடுத்து, பிஸ்டன் ஓடுகிற துளையைக் கடைந்து சரி செய்தான். புது பிஸ்டன், புது ரிங், புது கேஸ்கெட். ஒரு வயர்கூட அதிர்ந்து அறுந்துவிடக் கூடாது என்று குழந்தைக்குச் சட்டை மாட்டுகிற மாதிரி பார்த்துப் பார்த்து மாட்டினான். மாட்டிய அன்று அந்த எஞ்சின் தையல் மெஷின் போல ஓடியது. சூர்யநாராயணன் பாதிப் பணம் கொடுத்தார். மீதியைச் சம்பளம் வந்ததும் தருவதாகச் சொன்னார். சம்பளம் வந்தது, போனது, மறுபடி வந்தது.

சாமான் வாங்கிய பணம் ஏசுபாதத்தின் பணமில்லை. ஷீலா தன் பேரில் மகளிர் குழுவில் எடுத்துக் கொடுத்த லோன். செவ்வாய்க்கிழமை தோறும் தவணை. ஒருத்தி கட்டவில்லை என்றால் பத்துப் பொம்பளையும் எழுந்திருக்காமல் உட்கார்ந்து அவள் முகத்தையே பார்ப்பார்கள். குழுத் தலைவி காந்திமதி அக்கா வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்கமாட்டாள். அந்தக் கேட்காமல் இருப்பதுதான் ஷீலாவுக்குத் தாங்கவில்லை.

"இன்னாய்யா, உங்க சாரு போனை எடுத்தாரா?" என்று காலையில் டிபன் டப்பாவை வைக்கும்போதே கேட்டாள்.

"எடுத்தாரு."

"இன்னா சொன்னாரு?"

"அந்தச் சத்தம் திரும்ப வந்துடுச்சாம். சத்தம் போனாத்தான் பணமாம்."

ஷீலா சுவரைப் பார்த்தாள். "சத்தம் போடாம கேட்டினா எவன் குடுப்பான்? நீ போடு சத்தம்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மதியம் சூர்யநாராயணன் காரோடு வந்தார். பக்கத்து சீட்டில் மடியில் லேப்டாப்போடு ஜோஷ்வா. மே மாத வெயில். தகரக் கூரைக்குக் கீழே நிற்பதே அடுப்புக்குள் தலையை விட்ட மாதிரி இருந்தது.

"அண்ணா, நேரா விஷயத்துக்கு வரேன்" என்றார் சூர்யநாராயணன். "தேர்ட் கியர்ல மிதிச்சா கல்லைத் தகர டப்பால போட்டு ஆட்டற மாதிரி சவுண்டு. முதல் தடவை பிஸ்டன் போனப்பவும் இதேதான். நீங்க ரெடி பண்ணிக் குடுத்ததுக்கு அப்புறமும் இதேதான். அப்ப என்ன ரெடி பண்ணீங்க?"

"சார், அது நாக். டீட்டோனேஷன். எஞ்சின் கட்டினதுல ஒண்ணும் இல்ல. மேப்புல கீது" என்றான் ஏசுபாதம்.

ஜோஷ்வாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "அண்ணா, சும்மா சொல்லாதீங்க. எஞ்சின் பக்கத்துல நாக் சென்சார்னு ஒண்ணு இருக்கு. உள்ள நாக் வந்தா அதான் கேட்டு கம்ப்யூட்டருக்குச் சொல்லும். கம்ப்யூட்டர் உடனே பிளக்கோட பொறியைக் கொஞ்சம் லேட்டா விட்டு எஞ்சினைக் காப்பாத்தும். நான் ஒரு மணி நேரம் ஓட்டி, அது சொன்னதையெல்லாம் பதிஞ்சு லாக் எடுத்திருக்கேன். நாக் ஜீரோ. பாருங்க, ஜீரோ, ஜீரோ, ஜீரோ. இது மெக்கானிக்கல் நாய்ஸ். உங்க பிஸ்டன் ஆடுது."

"என் பிஸ்டன் ஆடுதா? நீ வந்து ஆட்டிப் பாத்தியா?"

"லாக் பொய் சொல்லாதுண்ணா."

"அப்ப என் காது பொய் சொல்லுதா?"

மூவரும் காரிலேயே கிளம்பினார்கள். கேம்ப் ரோடு சிக்னலில் பஸ்ஸுக்குப் பின்னால் நின்று நின்று எஞ்சின் நன்றாகச் சூடேறியது. ஏசுபாதத்துக்கு அதுவும் வேண்டியிருந்தது. காற்று சூடாக உள்ளே போனால்தான் அந்தச் சத்தம் சீக்கிரம் வரும். பெருங்களத்தூர் மேம்பாலம் ஏறும்போது, "இப்ப தேர்டுலயே வெச்சி முழுசா மிதிங்க சார்" என்றான்.

மிதித்தார். டர்போ ஊளையிட்டது. ஊளைக்கு நடுவில், அடிவயிற்றிலிருந்து கிளம்பியது அந்தச் சத்தம். கரகரவென்று, பிளாஸ்டிக் குடத்தில் பட்டாணி கொட்டுகிற மாதிரி. ஏசுபாதத்துக்குப் பல் கூசியது. அடுத்தவன் குழந்தையை யாரோ அடிக்கிற சத்தத்தைக் கேட்கிற மாதிரி, உட்கார்ந்த இடத்தில் நெளிந்தான்.

"காலை எடுங்க சார், எடுங்க! கேட்டீங்களா?"

"ஜீரோ" என்றான் ஜோஷ்வா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

பாலம் இறங்கி ஓரமாக நிறுத்தினார்கள். ஏசுபாதம் இறங்கிப் பின்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். எப்படியாவது இவருக்குப் புரிய வைத்துவிட வேண்டும் என்று இருந்தது அவனுக்கு.

"சார், தாம்பரத்துல பீச் போற டிரெயினு வந்து நிக்குதுன்னு வெச்சிக்கோங்க. பெட்டிக்குள்ள கூட்டம். இந்தப் பக்க வாசல்ல ஏறினவன் உள்ள தள்றான், அவன் அடுத்தவனத் தள்றான். வரிசையா தள்ளினு போனா ஒண்ணும் ஆவாது. பிளக்குல பத்தின நெருப்பு அப்படித்தான் ஓரத்துக்குப் போவணும். டர்போ இன்னா பண்ணுது? ரெண்டு பெட்டிக் கூட்டத்த ஒரு பெட்டில அடைக்குது. அந்தக் கோடி மூலைல கீறவனுக்கு மூச்சு முட்டுது, சூடு ஏறுது. நெருப்பு தன்கிட்ட வர்ற வரைக்கும் அவன் காத்தினு இருக்க மாட்டான். தானே பத்திக்கினு ஒரே தள்ளா திருப்பித் தள்ளுவான். ரெண்டு தள்ளும் நடுவுல மோதுது பாருங்க, அதான் இந்தச் சத்தம். அங்க கண்ணாடி உடையும். இங்க பிஸ்டன் உடையும்."

சூர்யநாராயணன் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். "அண்ணா, டிரெயின்ல போக வேணாம்னுதான் நான் கார் வாங்கினேன்."

ஜோஷ்வா சிரித்துவிட்டான். ஏசுபாதத்துக்கு உச்சியில் சுர்ரென்று ஏறியது.

"சிரி. நல்லா சிரி. நீ பொறிய எவ்ளோ முன்னாடி விடற?"

"க்ளீனா ஜீரோ காட்டுச்சுல்ல, அதனால எஞ்சின் கட்டினதுக்கு அப்புறம் இன்னும் ரெண்டு டிகிரி குடுத்தேன். சார் இழுவை கேட்டார்."

"சாரு இன்னா பெட்ரோல் போடறாரு?"

"நல்லதுதான் போடச் சொல்லியிருக்கேன்."

சூர்யநாராயணன் வேறு பக்கம் பார்த்தார். "எப்பவும் கிடைக்கறதில்ல. கிடைச்சா போடுவேன்."

"அப்ப இந்தக் கார்ல யார் சொல்றது யாருக்குக் கேக்குது?" என்று ஏசுபாதம் கத்தினான். பக்கத்தில் இளநீர் வெட்டிக்கொண்டிருந்தவர் அரிவாளை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

கத்தி என்ன ஆகப்போகிறது? சூர்யநாராயணன் கோபப்படவே இல்லை. கோபப்படாதவர்களிடம்தான் பணம் வாங்குவது கஷ்டம். நிதானமாகச் சொன்னார். "ரெண்டு பேரும் ரெண்டு விதமா சொல்றீங்க. நான் நடுவுல நிக்கறேன். காரை உங்க ஷெட்லயே விடறேன். சவுண்டு போகணும். போகலன்னா வேற இடத்துல எஞ்சினைப் பிரிச்சுப் பாக்கச் சொல்றேன். கட்டினதுல தப்புன்னு அவங்க சொன்னா, மீதிப் பணத்தை என்கிட்ட கேக்காதீங்க."

வேறு இடத்தில் பிரிப்பது என்றால் என்னவென்று ஏசுபாதத்துக்குத் தெரியும். அடுத்தவன் கட்டிய எஞ்சினைப் பிரிக்கிற எந்த மெக்கானிக்கும் "நல்லா கட்டியிருக்கான்" என்று சொன்னதாக இந்த கேம்ப் ரோட்டில் சரித்திரம் இல்லை. அவனே சொன்னதில்லை.

மறுநாள் முழுக்க அந்தக் காரோடு மல்லுக்கட்டினான். சத்தம் போடக்கூடிய எல்லாவற்றையும் ஒன்றொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்தான். எஞ்சின் தாங்கும் ரப்பர்களை ஆட்டிப் பார்த்தான். சைலன்சரின் தகரத்தைக் கையால் தட்டிப் பார்த்தான். வால்வு இடைவெளியை அளந்தான். எல்லாம் கச்சிதமாக இருந்தது. செப்புக் குழாயின் முனையைத் தட்டையாக்கி எஞ்சினில் ஒரு போல்ட்டில் முடுக்கி, மறுமுனையில் நீளமாகப் பெட்ரோல் ட்யூப் சொருகி, அதைக் காதில் வைத்துக்கொண்டு, காரை அவனே மேம்பாலம் வரை ஓட்டிப் பார்த்தான். குழாய் வழியாக அந்தச் சத்தம் மண்டைக்குள்ளேயே வெடித்தது. பிஸ்டன் ஆடினால் டொக் டொக் என்று ஒரே சீராக வரும். இது அதுவல்ல. இது நெருப்பின் சத்தம். சத்தியம் பண்ணுவான்.

ஆனால் லேப்டாப் ஜீரோ என்கிறது. அவன் காதை ஆதாரமாக எந்த வாட்சப்பிலும் அனுப்ப முடியாது.

சாயந்திரம் எரிச்சலில் மூளை கொதித்துக்கொண்டிருந்தபோதுதான் ஒன்று தோன்றியது. போனை எடுத்தான். "ஜோஷ்வா, லேப்டாப்ப எடுத்துனு காலைல வா. ஒரே ஒரு விஷயம். நான் சொல்றது தப்புன்னா உன் எதிர்லயே சார்கிட்ட பணம் வேணாம்னு சொல்லிடறேன்."

காலையில் ஜோஷ்வா வேண்டாவெறுப்பாக வந்தான். எஞ்சினை ஓடவிட்டு லேப்டாப்பைச் சொருகினான். ஏசுபாதம் சின்ன சுத்தியலை எடுத்து, சென்சார் இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் எஞ்சினின் இரும்பில் டங் டங் என்று தட்டினான்.

"இன்னா காட்டுது?"

"ஜீரோ."

இன்னும் ஓங்கித் தட்டினான். சந்தில் போன நாய் திரும்பிப் பார்த்தது.

"இப்ப?"

ஜோஷ்வா குனிந்து திரையைப் பார்த்தான், எழுந்து சுத்தியலைப் பார்த்தான். "இன்னொரு தடவை தட்டுங்கண்ணா."

தட்டினான்.

"ஜீரோ" என்றான் ஜோஷ்வா. "சென்சார் செத்துடுச்சுண்ணா."

ஏசுபாதத்துக்குக் கையைத் தட்டிக் குதிக்க வேண்டும் போல இருந்தது. "தெருநாய்க்குக் கேக்குது, உன் மிசினுக்குக் கேக்கல! இத வெச்சிகினா ரெண்டு டிகிரி குடுத்த? செவிட்டுப் பையன வாட்ச்மேனா போட்டுட்டு, திருடனே வரலன்னு சொல்லிகினு கீற!"

ஜோஷ்வா தலையைக் குனிந்துகொண்டான். "மேற்குத் தாம்பரத்துல ஸ்பேர் கடையில கேட்டுட்டு வந்துடறேண்ணா. புதுசு போட்டுப் பாப்போம்" என்று பைக்கை எடுத்துக்கொண்டு போனான்.

அவன் வருவதற்குள் பழையதைக் கழற்றி வைத்துவிடலாம் என்று ஏசுபாதம் காற்றுக் குழாய்க்குக் கீழே கையை விட்டான். அந்த இடத்தில் கண் போகாது, கை மட்டும்தான் போகும். விரலாலேயே போல்ட்டைத் தேடிக் கழற்றி, வடை மாதிரி நடுவில் ஓட்டை போட்ட அந்தச் சின்ன சென்சாரை வெளியே எடுத்தான். கூடவே உள்ளங்கையில் ஏதோ மெத்தென்று விழுந்தது.

ரப்பர். பழைய லாரி ட்யூபிலிருந்து பிளேடால் வட்டமாக வெட்டி எடுத்த ரப்பர் வளையம். வெட்டியது அவனேதான்.

அப்படியே பானெட் மீது கையூன்றி நின்றுவிட்டான்.

எஞ்சின் கட்டிய அன்று அவன் நினைத்தது ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வந்தது. லாரி ஷெட்டில் வேலை செய்த காலத்துப் பழக்கம் அது. கரெண்ட் சாமான் எதையும் வெறும் இரும்பில் வைத்து முடுக்கக் கூடாது. அதிர்ந்து அதிர்ந்து உள்ளே இருப்பது உதிர்ந்துவிடும். அடியில் ஒரு ரப்பர் கொடு. ஹாரன் ரிலேவுக்குக் கொடுப்பான், ரெகுலேட்டருக்குக் கொடுப்பான். இந்த சென்சாரைக் கையில் எடுத்தபோதும், 'இவ்வளவு காசு வாங்குகிற கம்பெனிக்காரன் ஒரு ரப்பருக்குக் கஞ்சப்பட்டிருக்கிறானே' என்று நினைத்து, தன் கையால் வெட்டிக் கொடுத்தான். கூலி கேட்காத வேலை. அதைச் செய்துவிட்டு ஒரு திருப்தி வேறு.

அந்த சென்சாரின் வேலையே அதிர்வதுதான். இரும்பு அதிர்ந்தால் அதுவும் கூட அதிர்ந்து, அந்த அதிர்வைத்தான் கம்ப்யூட்டருக்குச் சொல்லும். இரும்போடு இரும்பாக ஒட்டி உட்கார்ந்தால்தான் அதற்குக் காது. ஏசுபாதம் அந்தக் காதில் பஞ்சை வைத்து அடைத்துவிட்டான். செவிட்டுப் பையனை வாட்ச்மேனாகப் போட்டது ஜோஷ்வா இல்லை.

சந்தில் யாரும் இல்லை. ரப்பரைப் பேண்ட் பாக்கெட்டில் போட்டுக்கொண்டான். சென்சாரை நன்றாகத் துடைத்து, இரும்பில் நேராக வைத்து முடுக்கினான். முடிந்தது. இனி யாருக்குத் தெரியும்? எஞ்சினுக்குத் தெரியாது, லேப்டாப்புக்குத் தெரியாது. சுவரில் அந்தத் தொகை அப்படியே இருந்தது.

ஜோஷ்வா வெறுங்கையோடு திரும்பி வந்தான். "ஆர்டர் போட்டாத்தான் வருமாம்."

"தேவையில்ல. கனெக்டர்ல அழுக்கு சேர்ந்துகீது. தொடச்சி போட்டுட்டேன். இப்ப பாரு" என்றான் ஏசுபாதம். அவன் குரலே அவனுக்கு அந்நியமாக இருந்தது. சுத்தியலால் மெதுவாகத்தான் தட்டினான். திரையில் எண் துள்ளி எழுந்தது.

"அட!" என்றான் ஜோஷ்வா.

இருவரும் மேம்பாலம் போனார்கள். மிதித்ததும் திரை முழுக்கச் சிவப்பு. நான்கு சிலிண்டரிலும் நாக், மூன்றாவதில் அதிகம். அடுத்த நொடியே கம்ப்யூட்டர் பயந்துபோய்ப் பொறியைப் பின்னுக்கு இழுத்தது, சத்தம் அடங்கியது, கார் மூட்டை தூக்குகிறவன் படியேறுகிற மாதிரி ஏறியது.

ஷெட்டுக்கு வந்து பிளக்குகளைக் கழற்றினார்கள். மூன்றாவது பிளக்கின் வெள்ளைப் பீங்கானில் மிளகுத்தூள் தூவினாற்போலக் கரும்புள்ளிகள். அவற்றுக்கு நடுவே வெள்ளி மினுக்கு. வெள்ளி என்றால் பிஸ்டன். பிஸ்டனின் அலுமினியம் உருகித் தெறித்து ஒட்டியிருக்கிறது. ஒவ்வொரு சிலிண்டரும் காற்றை எவ்வளவு அமுக்குகிறது என்று அளந்து பார்த்தான். மூன்றாவது மட்டும் மற்றவற்றுக்குக் கீழே இறங்கிக் கிடந்தது. பார்த்துப் பார்த்து மாட்டிய புது பிஸ்டன்.

சாயந்திரம் ஆபீசிலிருந்து நேராக சூர்யநாராயணன் வந்தார். ஏசுபாதம் வாயைத் திறப்பதற்குள் ஜோஷ்வா முந்திக்கொண்டான்.

"சார், தப்பு என்னோடது. சென்சார் வேலை செய்யல. நான் ஜீரோவைப் பாத்து நம்பி நம்பி டைமிங்கை ஏத்திட்டேன். இன்னொண்ணும் சொல்லணும். நடுவுல ஒரு தடவை சென்சார் சரியில்லன்னு டாஷ்போர்டுல மஞ்ச லைட்டு வந்துச்சு. சும்மா வருதுன்னு நெனச்சு அந்த லைட்டையே நான் மேப்புல ஆஃப் பண்ணிட்டேன். மூணாவது பிஸ்டன் திரும்ப அடி வாங்கியிருக்கு. அண்ணா சொன்னதுதான் கரெக்ட். அண்ணனோட மீதிப் பணத்தை நானே குடுத்துடறேன். மாசா மாசம் பிரிச்சுக் குடுக்கறேன்."

இந்தப் பையன் ஒரு பொய் சொல்லியிருக்கக் கூடாதா? 'எனக்கென்ன தெரியும்' என்று தோளைக் குலுக்கியிருக்கக் கூடாதா? அவன் ஒரு பொய் சொல்லியிருந்தால் ஏசுபாதமும் நிம்மதியாக ஒரு பொய்யோடு இருந்திருப்பான். சனியன், அந்த லைட்டுக் கதையை யார் கேட்டார்கள்?

"டேய், சும்மா இரு" என்றான்.

"இல்லண்ணா, நான் குடுத்துடறேன்."

"சும்மா இருடான்றேன்ல!" பாக்கெட்டிலிருந்து அந்த ரப்பரை எடுத்து பானெட் மீது வீசினான். அது ஒரு துள்ளு துள்ளி, சூர்யநாராயணனின் ஆபீஸ் ஷூ மேல் விழுந்தது.

"என்னண்ணா இது?" என்றான் ஜோஷ்வா.

"ரப்பரு. நான் வெச்சது. சென்சாருக்கு அடில. அதிர்ந்து வீணாப் பூடப்போவுதேன்னு மெத்தை போட்டேன். அதான் அதுக்குக் காது கேக்கல. கனெக்டரும் இல்ல, அழுக்கும் இல்ல. காலைல கழட்டினேன், பாக்கெட்ல போட்டுனேன். போதுமா?"

ஜோஷ்வா குனிந்து ரப்பரை எடுத்து, அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு பானெட் மீது வைத்தான். "யாருண்ணா சொன்னா வைக்கச் சொல்லி?"

"யாரும் சொல்லல. அதான் வெச்சேன்."

சூர்யநாராயணனுக்கு இப்போதுதான் கோபம் வந்தது. "ஒரு ரப்பருக்காகவா என் எஞ்சின் போச்சு? பாலத்துக்குக் கீழ நிக்க வெச்சு டிரெயின் கதை சொன்னீங்களே! எல்லாம் மேப்புனு சொன்னீங்களே!"

"சொன்னேன். நாக்னு சொன்னேன், அது நாக்தான். இப்பவும் சொல்றேன். மொதல் தடவ பிஸ்டன் உடைஞ்சப்ப என் ரப்பர் அங்க இல்ல சார். அவன் மேப்பு இருந்துச்சு, உங்க காலு இருந்துச்சு, கிடைச்சா போடற பெட்ரோல் இருந்துச்சு. ரெண்டாவது தடவைக்கு நான் வந்து சேந்துகினேன். அவ்ளோதான்."

கூரைத் தகரம் வெயில் இறங்கிச் சூடு ஆறுகையில் டக் டக் என்று தட்டிக்கொண்டிருந்தது. மூவரும் ஒரு கணம் நிமிர்ந்து பார்த்தார்கள். இந்தக் கொஞ்ச நாளில் எந்தத் தட்டலைக் கேட்டாலும் மூவருக்கும் தூக்கிவாரிப் போட்டது.

சூர்யநாராயணன் போனில் ஒரு பிஸ்டன், ரிங், கேஸ்கெட், லேத்துக் கூலி என்று கூட்டிப் பார்த்தார். "பார்ட்ஸுக்கும் லேத்துக்கும் மட்டுமே கிட்டத்தட்ட நான் உங்களுக்குத் தர வேண்டியது ஆகுதுண்ணா."

"தெரியும் சார்."

"அப்ப என்ன பண்றது?"

ஏசுபாதம் சுவரைப் பார்க்கக் கூடாது என்று தீர்மானித்து, பார்த்தும் விட்டான். "சாமான் நீங்க வாங்கிக் குடுங்க. பிரிச்சி மாட்டற கூலி எனக்கு வேணாம். நீங்க தர வேண்டிய பழைய பாக்கியும் வேணாம். ஜோஷ்வா, நீ காசு வாங்காம மேப்ப மாத்தி எழுது. எங்க கிடைக்கற பெட்ரோலுக்கும் தாங்கற மாதிரி. அந்த மஞ்ச லைட்ட மொதல்ல எரிய விடு."

"இழுவை குறையுமே" என்றார் சூர்யநாராயணன் பழக்க தோஷத்தில்.

இருவரும் அவரைப் பார்த்தார்கள்.

"சரி, குறையட்டும்" என்றார். போனைப் பையில் போட்டார். கொஞ்சம் தயங்கி, "அப்ப நமக்குள்ள கணக்கு ஒண்ணும் இல்லண்ணா" என்றார்.

"ஒண்ணும் இல்ல சார்."

அவர்கள் போன பிறகு ஷீலா வந்தாள். குழுவுக்குப் போகிற நாளுக்கு முன் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போகத்தான் வந்தாள். ஏசுபாதம் ஸ்டூலில் உட்கார்ந்தபடியே நடந்ததைச் சொன்னான். ஒன்றையும் மறைக்கவில்லை, பாக்கெட்டில் போட்டுக்கொண்டதைக்கூட. அவள் கேட்டுக்கொண்டே நின்றாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தான். திட்டியிருந்தால் பதிலுக்குக் கத்தி மனசு ஆறியிருக்கும்.

"எங்க அந்த ரப்பரு?"

பானெட்டைக் காட்டினான். எடுத்துப் பார்த்தாள். பிளேடு பிசிறில்லாமல் வெட்டியிருந்தது.

"நல்லாத்தான் வெட்டிகீற. இதயே எடுத்துனு போறேன். செவ்வாக்கிழமை காந்திமதி அக்கா கைல வெச்சிட்டு, என் வூட்டுக்காரரு இந்த வாரம் இதத்தான் சம்பாரிச்சாருன்னு சொல்றேன்."

"ஷீலா..."

"பேசாத. உனக்கு யாரு மேல பாசம் வந்தாலும் நம்ம வூட்டுக்குத்தான் செலவு. இரும்பு மேல வந்தாக்கூட."

கரித்துணியை எடுத்துச் சுவரில் தான் எழுதிய தொகையைத் துடைத்தாள். துணியில் கிரீஸ் இருந்தது. சாக்பீஸ் எழுத்து போகவில்லை. எண்ணெயோடு குழைந்து சாம்பல் நிறத்தில் ஒரு கறையாகப் பரவியது. இன்னும் இரண்டு முறை அழுத்தித் துடைத்தாள். கறை பெரிதானதுதான் மிச்சம். ஆனால் எண் எதுவும் தெரியவில்லை.

"போச்சு, விடு" என்று துணியை அவன் மடியில் போட்டுவிட்டுப் போனாள். ஏசுபாதம் எழுந்து, அந்தக் கறைக்குக் கீழே கை நீட்டி ஸ்பேனரை எடுத்து, காற்றுக் குழாயைக் கழற்ற ஆரம்பித்தான்.